வைஃபை வரவில்லையா? லேப்டாப்பை ரீசெட் செய்வதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

எங்கள் குடியிருப்பில் கணினி தெரிந்தவன் என்று எப்படியோ பெயர் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "நெட் வரவில்லை." அதற்குள் ரவுட்டரை நாலைந்து முறை அணைத்துப் போட்டிருப்பார்கள். கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்திருப்பார்கள். விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டு, "அப்போதும் வரவில்லை" என்று வந்தவரும் உண்டு.

"நெட் வரவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற புகார். எங்கே என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. லேப்டாப்பிலிருந்து இணையம் வரைக்கும் நான்கு கண்ணிகள் இருக்கின்றன. லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு முதலாவது. கார்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் ஓடும் ரேடியோ தொடர்பு இரண்டாவது. ரவுட்டர் லேப்டாப்புக்குக் கொடுக்கும் ஐபி முகவரி, அதாவது வலையில் அதை அடையாளம் காட்டும் எண், மூன்றாவது. ரவுட்டரிலிருந்து வெளியுலகுக்குப் போகும் வழி நான்காவது. அறுந்த கண்ணி எது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே சமயத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் இரண்டு சோதனைகள்

ஃபோனை எடுத்து அதே வைஃபையில் இணையுங்கள். இங்கே பலரும் ஏமாறுவது ஒரு சின்ன விஷயத்தில்: மொபைல் டேட்டாவை அணைக்க மறந்துவிடுவார்கள். வைஃபையில் இணையம் இல்லாவிட்டால் ஃபோன் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். "ஃபோனில் நன்றாக வருகிறது, லேப்டாப்தான் கெட்டுவிட்டது" என்ற முடிவு அப்படித்தான் பிறக்கிறது. டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஃபோனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்மேல் பழியில்லை. ஃபைபர் இணைப்பாக இருந்தால் சுவரில் மாட்டிய பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் அல்லது மினுக்கினால், கண்ணாடி இழையில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். எங்கோ இழை அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், மாடியில் அணில் கடித்திருக்கலாம். உங்கள் கையில் எதுவும் இல்லை. இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடுவதற்கு முன் மாதக் கட்டணம் கட்டியாயிற்றா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிர். ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பை அதில் இணையுங்கள். இணைந்து இணையமும் வந்தால் லேப்டாப்பின் கார்டும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் உயிரோடு இருக்கின்றன. சிக்கல் அந்த ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையே. ஹாட்ஸ்பாட்டிலும் இணையவில்லை என்றால் குற்றவாளி லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறான். ஐந்து நிமிட வேலை. பாதி வழக்குகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

வைஃபை பொத்தானே காணவில்லை என்றால்

கீழே வலது மூலையில் வைஃபை சின்னத்துக்குப் பதில் பூமி உருண்டை மட்டும் தெரிகிறது, செட்டிங்ஸில் 'வைஃபை' என்ற வரியே இல்லை. இது முதல் கண்ணி.

ஏரோபிளேன் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசை ஒன்று இருக்கும். துடைக்கும்போது கை பட்டாலே போதும். பழைய லேப்டாப்புகளில் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ நகர்த்தும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும்.

அடுத்தது ரீஸ்டார்ட். அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். அணைக்கும்போது அது இயங்குதளத்தின் மையப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே வன்தட்டில் எழுதிவைத்து, மறுபடி போடும்போது எடுத்துக்கொள்ளும். டிரைவர் கோணிக்கொண்டு நின்றிருந்தால், அந்தக் கோணலும் பத்திரமாகத் திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் வராவிட்டால் மின்சாரத்தை முழுக்க வடிய விடுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்த மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். மாந்திரீகம் போலத் தெரியும். ஆனால் லேப்டாப் அணைந்திருக்கும்போதும் வைஃபை கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். உறைந்து நின்ற கார்டு அந்த மின்சாரத்திலேயே உறைந்தபடி இருக்கும். முற்றிலும் பட்டினி போட்டால்தான் விழிக்கும். டிவைஸ் மேனேஜரிலிருந்தே காணாமல் போன கார்டுகள் இந்த ஒரு வைத்தியத்தில் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி டிவைஸ் மேனேஜர். தொடக்கப் பொத்தானை வலது சொடுக்கினால் பட்டியலில் வரும். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். 'வயர்லெஸ்' அல்லது 'வைஃபை' என்று பெயரில் இருப்பதுதான் நம் ஆள். அதன்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். வலது சொடுக்கி 'எனேபிள்' கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் இருமுறை சொடுக்கி என்ன எண் சொல்கிறது என்று படியுங்கள். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் சாதனம் தொடங்க மறுக்கிறது. டிரைவரில் தொடங்கிப் பாருங்கள். 43 என்றால் சாதனமே கோளாறு என்று தெரிவித்திருக்கிறது. டிரைவரும் காரணமாக இருக்கலாம், கார்டும் காரணமாக இருக்கலாம்.

அண்மையில் விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு தொல்லை தொடங்கியதென்றால், அதே சாளரத்தில் 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தானை அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்பும். இல்லையென்றால் லேப்டாப் நிறுவனத்தின் வலைத்தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை எடுங்கள். இணையமே இல்லாதபோது எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு ஃபோனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, ஃபோனில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். ஃபோனின் இணையம் கம்பி வழியாக லேப்டாப்புக்கு வரும். வைஃபை கார்டு இதற்குத் தேவையே இல்லை. "எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று சொல்லும் மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒன்றைச் சரிசெய்து நான்கைக் கெடுத்த லேப்டாப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

எல்லார் வீட்டு வைஃபையும் தெரிகிறது, நம் வீட்டுடையது தெரியவில்லை

பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் விவகாரம். பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். விலை குறைந்த பழைய லேப்டாப்புகள் பலவற்றில் 2.4 மட்டும் தெரிந்த கார்டுதான் இருக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்து, நீங்கள் தேடுவது 5-இன் பெயராக இருந்தால் அந்தக் கார்டுக்கு அது கண்ணில் படவே படாது. புதிய ஐஃபோன் ஹாட்ஸ்பாட் பழைய லேப்டாப்பில் தெரியாமல் போவதும் இதனால்தான். ஐஃபோனில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதைப் போட்டால் 2.4-க்கு இறங்கி வரும்.

இன்னொரு வேடிக்கை, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் சேனல்கள் என்ற சிறு பிரிவுகள் உண்டு; இந்தியாவில் 13 சேனல்கள். அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான் பயன்படுத்துகிறார்கள். அங்கே விற்கும் லேப்டாப்புகள் பலவற்றுக்கு 12, 13 தெரியாது. ரவுட்டர் 'ஆட்டோ' நிலையில் தானாக 13-க்குப் போய் உட்கார்ந்துகொண்டால், வீட்டில் எல்லாருக்கும் வைஃபை வரும், அமெரிக்க லேப்டாப்புக்கு மட்டும் வராது. ஒருநாள் வரும், மறுநாள் வராது என்பதால் பேய் பிடித்ததைப் போல இருக்கும். ரவுட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிறுத்தி வைத்தால் பேய் ஓடிவிடும்.

பெயர் தெரிந்தும் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தால், பாதுகாப்பு முறையைச் சந்தேகியுங்கள். புது ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கார்டுகளால் நுழைய முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலைக்கு மாற்றுங்கள். அதற்காகப் பாதுகாப்பே இல்லாமல் திறந்து போட்டுவிடாதீர்கள்.

கடவுச்சொல்லில் தடுக்கினால், பழைய சேமிப்பை முதலில் அழியுங்கள்: 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 'ஃபர்கெட்'. பிறகு புதிதாக அடிக்கும்போது கண் படத்தை அழுத்தி, என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டே அடியுங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது கூடுதலாகத் தேவை. விசைப்பலகை தமிழ்99-இல் நின்றிருப்பதைப் புள்ளிகளுக்குப் பின்னால் பார்க்க முடியாது.

இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை

விண்டோஸ் இந்த முடிவுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். வைஃபையில் சேர்ந்ததும் அது மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சர்வரிலிருந்து சின்னஞ்சிறு உரைக் கோப்பு ஒன்றைக் கேட்கும். எதிர்பார்த்த சொற்கள் அப்படியே வந்தால் இணையம் இருக்கிறது. வரவில்லை என்றால் இல்லை. ஆகவே அந்தச் சோதனையை ஒரு விபிஎன்னோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ மறித்தால், இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இல்லை' என்று காட்டும். சின்னத்தை நம்பாமல் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களில் என்றால், எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்பும் உள்நுழைவுப் பக்கம் திறக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். அது முடியும்வரை எதுவும் வராது.

வீட்டில் என்றால் மூன்றாவது கண்ணிக்குப் போவோம். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்', 'வைஃபை', பிறகு உங்கள் வைஃபை பெயரின் 'ப்ராப்பர்ட்டீஸ்'. அங்கே 'ஐபிவி4 அட்ரஸ்' என்று ஓர் எண் இருக்கும். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது, நல்லது. 169.254 என்று தொடங்கினால், லேப்டாப் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு யாரும் பதில் சொல்லாததால் தனக்குத் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். அலுவலகத்தில் யாராவது நிலையான ஐபி எண்ணைக் கையால் போட்டுக் கொடுத்திருந்தால், வீட்டில் அது இடிக்கும். 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். மாணவர் விடுதிகளில் வேறொரு காரணம் உண்டு. ரவுட்டர் நூறு முகவரிகள்தான் வைத்திருக்கும், நூற்றொன்றாவது ஆளுக்கு வைஃபை முழுதாகக் காட்டும், முகவரி மட்டும் கிடைக்காது.

முகவரி சரி என்றால் நான்காவது கண்ணி. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஆங்கில எழுத்தில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஓர் எண் வரும், அதுதான் ரவுட்டர். பிங் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போடுங்கள். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி சரி. அடுத்து பிங் 8.8.8.8, இது கூகுளின் சர்வர் எண். இதற்கும் பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி சரி. அப்படியிருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துக்கிடக்கிறது. அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் திறக்காத ஒரு லேப்டாப்பை என் அத்தை கொண்டுவந்தார். ஒன்றரை ஆண்டு பரணில் கிடந்தது. வைஃபை முழுக் கோடும் காட்டியது, பிங் போனது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல'. அரை மணி நேரம் ரவுட்டரையே நோண்டிக்கொண்டிருந்தேன். "அதில் மணி ஏன்டா தப்பாக இருக்கிறது?" என்று அத்தைதான் கேட்டார். மணி மட்டுமல்ல, ஆண்டே தப்பு. உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்ததால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; லேப்டாப்பின் கணக்குப்படி அவை இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

வருகிறது, ஆனால் அறுந்து அறுந்து வருகிறது

இதுதான் அதிகமாக வரும் புகார், அதிகப் பொறுமை கேட்பதும் இதுதான்.

முதலில் இடம். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், இரும்பு பீரோவின் மேல் ரவுட்டரை வைப்பது நம் வீடுகளின் வழக்கம். இரும்பும் தண்ணீரும் வைஃபைக்கு ஆகாதவை. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ நடுவே நின்றால் படுக்கையறைக்கு ஒன்றும் வராது. கான்கிரீட் சுவரை 2.4 ஓரளவு துளைத்துப் போகும், 5 திணறும். ஆனால் ஒரே அறைக்குள் 5-தான் வேகம். ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'நெட்வொர்க் பேண்ட்' எதுவென்று எழுதியிருக்கும். ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அங்கே 2.4 என்று இருந்தால், லேப்டாப் தவறான வண்டியில் ஏறியிருக்கிறது. அங்கேயே 'லிங்க் ஸ்பீட்' 72 அல்லது 144 எம்பிபிஎஸ் என்று இருக்கும். உண்மையில் கைக்கு வருவது அதில் பாதிதான். 200 எம்பிபிஎஸ்ஸுக்குக் காசு கட்டிவிட்டு 40 வருகிறது என்று இணைப்புக்காரரோடு சண்டை போடுமுன் இதைப் பாருங்கள். ரவுட்டரில் 5-க்கு வேறு பெயர் வைத்து, அதில் மட்டும் இணையச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நெரிசல். 13 சேனல் என்று சொன்னேன் அல்லவா, அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி நிற்கின்றன. ஒவ்வொரு ரவுட்டருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வழக்கமாக எடுத்துக்கொள்பவை 1, 6, 11 மட்டும். இருபது வீட்டு ரவுட்டர்கள் மூன்று இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீடியோ அழைப்பு உறைந்தால் சமையலறையைப் பாருங்கள்.

யாரும் சந்தேகிக்காத ஆள் ஒருவன் உண்டு: யுஎஸ்பி 3 வெளி வன்தட்டு. யுஎஸ்பி 3-இன் தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலை உண்டாக்குகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. வன்தட்டில் படங்களை நகலெடுக்கும்போது வைஃபை தொய்ந்து, கம்பியில்லா மவுஸும் தத்தளித்தால் இதுதான் காரணம். கொஞ்சம் நீளமான கேபிளால் வன்தட்டைத் தள்ளி வையுங்கள், அல்லது 5-க்கு மாறுங்கள்.

குறிப்பிட்ட நேரம் சும்மா விட்ட பிறகு அறுகிறது, மூடித் திறந்த பிறகு வருவதில்லை என்றால் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் கார்டை இருமுறை சொடுக்கி 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் இருக்கும் முதல் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்புகள் சிலவற்றில் இந்தப் பகுதியே இருக்காது. அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வழி.

இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளே 'நெட்வொர்க் ரீசெட்'. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும், விபிஎன் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் கேட்காமல் தொடாதீர்கள்.

ரவுட்டரின் பக்கத்தில் மட்டும் வேலை செய்யும் லேப்டாப்

மென்பொருள் தீர்ந்துவிட்டது, இனி ஸ்க்ரூ டிரைவர். லேப்டாப்பின் வைஃபை ஆண்டெனா கார்டில் இல்லை. திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் பெரும்பாலும் கீல் வழியாக இறங்கி வந்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கார்டின்மேல் பொட்டுப் போன்ற இரண்டு பித்தளை முனைகளில் அமரும். திரையைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து வைஃபை ஏறி இறங்கினால், கீலில் ஒயர் நைந்துவிட்டது.

என் லேப்டாப்பையே விசைப்பலகை மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து கூடத்தில் மட்டும் வைஃபை. அறைக்குள் போனால் இல்லை. கடையில் "டிரைவர் பிரச்சினை, விண்டோஸ் மாற்ற வேண்டும்" என்றார்கள். ரவுட்டருக்கு ஒரு முழத் தூரத்தில் நன்றாக ஓடும் கார்டுக்கு டிரைவர் கெட்டிருக்காது என்று தோன்றியது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் அடிமூடியை நானே கழற்றினேன். கழற்றக்கூடிய பேட்டரி இல்லாததால், உள்ளே பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிய பிறகுதான் வேறு எதையும் தொட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு ஒயர்களும் கார்டுக்கு அரை அங்குலம் தள்ளி, யாருக்கும் வேண்டாதவைபோல் படுத்துக் கிடந்தன. முனையைப் பொட்டின்மேல் நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் மெல்ல ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். கேட்கும்வரை பொறுமையாக நேராக வையுங்கள். கறுப்புக்கு ஒரு டிக், வெள்ளைக்கு ஒரு டிக். பேட்டரியின் இணைப்பை மறுபடி செருகிவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டாமலே லேப்டாப்பைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். நான்கு கோடும் இருந்தன.